கடைசியாக ஏறியவர் கையில் கட்டை

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு இருபதுக்கு என் கைப்பேசி அடித்தது. வடைக்கு ஊறவைத்த பருப்பை அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸியை நிறுத்திவிட்டு எடுத்தேன். அரவிந்த் பேசினான். "ஆன்ட்டி, பிரேக் சரியா பிடிக்க மாட்டேங்குதுன்னு பிருந்தா சொல்றா. நாங்க இப்போ..." என்றான். அவனுக்குப் பின்னால் என் மகளின் குரல், "எல்லாரும் பேசாம இருங்க!" என்று கத்தியது. அதோடு இணைப்பு போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக அந்தப் பெண் குரல் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

பிருந்தா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. நாலைந்து நாள் ஆகிவிட்டது. இன்னும் மிக்ஸியை நிறுத்தியதும் வருகிற அமைதி எனக்கு ஆகமாட்டேன் என்கிறது. இதைக்கூடக் கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வண்டியில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிருந்தா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அரவிந்த் அவளோடு வேலை பார்க்கிற மதுரைப் பையன். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள். எங்களுக்குச் சம்மதம். அவன் அப்பாவுக்கும் மறுப்பில்லை. அம்மா ராஜேஸ்வரி அம்மாள் மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பொண்ணப் பாக்கணும், எடத்தப் பாக்கணும், அப்பறம் பேசலாம்" என்றாராம். அன்று காலை அரவிந்தும் அவன் அப்பா அம்மாவும் மதுரை ரயிலில் போடிக்கு வந்து இறங்கினார்கள். ராஜேஸ்வரி அம்மாள் மாந்தளிர் நிறப் பட்டுப் புடவை. என் வீட்டுக் காபியை இரண்டு மடக்குக் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், கேட்காததற்குச் சொல்லவில்லை. போடிமெட்டுக்கு மேலே எங்களுக்கு இருக்கிற சின்ன ஏலத்தோட்டத்தைப் பார்த்துவிட்டு, மாலை ரயிலுக்குத் திரும்புவது என்று ஏற்பாடு. பிருந்தாதான் வண்டி ஓட்டிக்கொண்டு போனாள்.

நான் சமையலுக்காகத் தங்கிவிட்டேன். என் வீட்டுக்காரர் தங்கவில்லை, தங்கவைக்கப்பட்டார். "அப்பா, நீங்க பக்கத்துல ஒக்காந்தா வழி பூரா காத்துல கியரு போட்டுக்கிட்டே வருவீங்க. அவங்க பயந்துருவாங்க. வேணாம்" என்று பிருந்தா சொல்லிவிட்டாள். அதில் பொய் இல்லை. அதைப் புரிந்துகொள்ள எங்கள் வண்டியைப் பற்றி நீங்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் வண்டி ஒரு பழைய குடும்ப வேன். எர்ணாகுளத்துப் பக்கம் ஒருவர் வைத்திருந்து கொடுத்தது. கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறிக்கொள்ளும். லீவரில் நிறுத்த பி, சாதாரணமாக ஓட்ட டி, மெதுவாக இறங்க எல் என்று எழுத்துகள் இருக்கும். அதை நாங்கள் ஆசைப்பட்டு வாங்கவில்லை. தங்கவேலின் இடது முழங்கால் வாங்க வைத்தது. தங்கவேல்தான் என் வீட்டுக்காரர். வாலிபத்திலிருந்து மலைப்பாதையில் வேன் ஓட்டியவர். அந்தப் பாதையில் கிளட்சை மிதித்தது போல அவர் கால் வேறெதையும் மிதித்ததில்லை. முழங்கால் தேய்ந்துவிட்டது. "இனிமே கிளட்சு வண்டியத் தொடக்கூடாது" என்று எலும்பு டாக்டர் சொன்னபோது, யாரோ செத்துப்போன செய்தியைக் கேட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

புது வண்டியை (எங்களுக்குத்தான் புதிது) முதல் நாள் அவர்தான் ஓட்டினார். மார்க்கெட் தெருவில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. கியரைக் குறைப்பதற்காக இடது கையை ஸ்டீரிங்குக்குக் கீழே கொண்டுபோனார். பழைய வேனில் கியர் கம்பி அங்கேதான் இருந்தது. இந்த வண்டியில் அங்கே இருப்பது வைப்பர். நல்ல வெயிலில் வைப்பர் இரண்டும் சடசடவென்று ஆட ஆரம்பித்தன. அதே நேரத்தில் கிளட்சைத் தேடிய இடது கால், அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்தது. வண்டி குத்துக்கல்லாக நின்றது. என் மடியில் இருந்த சாம்பார்த் தூக்கு நிற்கவில்லை. ஆடு நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. தெருவில் ஒருவர், "என்ன தங்கவேலு, மழை வருதா?" என்று கேட்டார்.

அன்றோடு சாவியைப் பிருந்தாவிடம் கொடுத்துவிட்டார். அவள் விடுமுறையில் வரும்போதெல்லாம் அதை ஓட்டி, அதோடு வந்த புத்தகத்தைப் படித்து, மலையேறி இறங்கிப் பழகினாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சோறு போடுகிற நேரம் இரண்டு கட்சி.

"கியரு போடாம ஓட்டுறது வண்டியா? அது ஊஞ்ச."

"ஊஞ்சன்னா ஆடிக்கிட்டே வாங்க. ஒங்க வண்டியில நீங்க ஒருத்தர் ஓட்ட மத்தவங்க எல்லாம் ஒழைக்கணும்னு அம்மா சொல்லியிருக்காங்க."

"எறக்கத்துல தெரியும்டி சோலி."

"இதுலயும் டி-க்குக் கீழ ரெண்டு இருக்கு, எல் இருக்கு. எல்-ல போட்டா இஞ்சினே புடிக்கும். ஒங்க கியரு மாதிரி நடுவழியில கழண்டுக்கிறாது."

அவருக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும் பிடிக்காது. ஏனென்றால் அந்தக் கழன்றுகொள்கிற கியரில்தான் எங்கள் குடும்பம் தொடங்கியது.

சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போகிறேன். போன் வந்ததும் இரண்டு பேரும் பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏறி, மலையடிவாரத்து முந்தலுக்குப் போனோம். அங்கே தடுப்பைப் போட்டு, மேலே போகிற வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு லாரி வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டதாம். அதற்கும் மேலே ஒரு வேன் நிற்கிறது என்று ஒருவர் சொன்னார். சாய்ந்து நிற்கிறது என்றார் இன்னொருவர். சாய்ந்தா, சரிந்தா என்று கேட்டேன். அவருக்கும் யாரோ சொன்னதுதானாம். தங்கவேல் தடுப்பில் நின்றவரிடம் போய் நடந்தாவது போகிறேன் என்று கெஞ்சினார். "இந்தக் காலோடயா அண்ணே? ஒங்களத் தூக்க இன்னொரு வண்டி வரணும்" என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு ஜீப்பில் ஏலக்காய் மூட்டை ஏற்றி வைத்திருந்தார்கள். தார்ப்பாயை மீறி அந்த வாசம் வந்தது.

ஏலக்காய் வாசம் எல்லாருக்கும் பாயசத்தை நினைவுபடுத்தும். எனக்கு டீசல் புகையை நினைவுபடுத்தும். கல்லூரி முடித்த கையோடு போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியின் கடையில் சேர்ந்தேன். மலைமேலே தோட்டங்களில் காயை உலர்த்துகிற ஸ்டோர்களுக்குப் போய், மூட்டைக்குக் கொஞ்சம் மாதிரி எடுத்து, பையில் கட்டி, ஏலத்துக்குக் கீழே கொண்டுவருவது என் வேலை. ஊரில் என் பெயர் மறைந்து 'சாம்பிளு' என்று ஆனது. அப்போது எனக்குக் கோபம் வரும். இன்றைக்கு யாராவது "ஏ சாம்பிளு!" என்று கூப்பிட்டால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வேன்.

காய் எடுக்கப் போகிற பெண்களோடு ஒரே வேனில்தான் நானும் போவேன். அதை ஓட்டியவர் தங்கவேல். வெளியே மஞ்சளாக இருந்திருக்கலாம் என்று சொல்லத்தக்க நிறம். உள்ளே எதிரெதிராக இரண்டு பலகை. கை பிரேக் ஒன்று இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம், வேறு பயன் கிடையாது. ஏற்றத்தில் கொண்டை ஊசி வளைவில் ஒரே மூச்சில் வண்டி திரும்பாது. பாதியில் நின்று, பின்னால் வந்து, மறுபடி ஏற வேண்டும். அப்படி நிற்கும்போது பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு பலாக்கட்டை உண்டு. முக்கோணமாகச் செதுக்கி, ஒரு கயிறு கட்டியிருக்கும். கட்டையை வைக்க வேண்டும், வண்டி முன்னே நகர்ந்ததும் கயிற்றைப் பிடித்து இழுத்து எடுக்க வேண்டும், கட்டையோடு ஓடிவந்து ஏறிக்கொள்ள வேண்டும்.

இதை யார் செய்வது? அந்த வேனில் அதற்கென்று ஆள் கிடையாது. கடைசியாக ஏறுகிறவர் கையில் கட்டை. அதுதான் சட்டம். கடைசியாக ஏறினால் கதவோரம்தானே உட்கார வேண்டும். அதனால் வந்த சட்டமாக இருக்கலாம். ஆனால் காரணம் எல்லாம் மறைந்து, கோயில் வழக்கம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. போகும்போது ஒருவர், வரும்போது ஒருவர். வயசு பார்க்க மாட்டார்கள், பதவி பார்க்க மாட்டார்கள். தாமதமாக வந்தவர் கட்டையை மடியில் வாங்கிக்கொண்டால்தான் வண்டி நகரும்.

ஒருநாள் தோட்டத்து மேற்பார்வையாளர் ஒருவர், சலவை வேட்டியோடு கடைசியாக வந்து ஏறினார். ஆண்டிச்சி என்று ஒரு அக்கா, அந்த வேனுக்கே அவள்தான் வாய். கட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"என்னம்மா இது? நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும் அப்பு. கடைசியா ஏறுன ஆளு."

"வேட்டி அழுக்காயிரும்மா."

"வேட்டி அழுக்கானா தொவைச்சுக்கலாம் அப்பு. வண்டி பின்னாடி போனா எங்களத் தொவைக்க முடியாது. வெரசா புடிங்க, காய் எடுக்கப் போகணும்."

அவர் பிடித்தார். நாலாவது வளைவில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கட்டையும் வைத்தார். கயிற்றை இழுத்துக்கொண்டு அவர் ஓடிவந்ததைப் பார்த்துப் பெண்கள் கைதட்டினார்கள். அடுத்த வாரம் அவர் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார்.

நான் பெரும்பாலும் கடைசி. காலையில் எழுவது அன்றைக்கும் எனக்கு வராது, இன்றைக்கும் வராது. அதனால் அந்தப் பாதையில் நான் கட்டை வைக்காத வளைவு கிடையாது என்று இப்போதும் மார்தட்டிச் சொல்வேன். பட்டம் வாங்கியதைவிட எனக்கு அதில் பெருமை அதிகம். சாம்பிள் பை ஒரு தோளில், கட்டை ஒரு கையில். ஏற்றத்தில் வண்டி உறுமிக்கொண்டு நிற்கும். மொத்த பாரமும் ஒரு சின்னப் பலாத்துண்டின் மேல் வந்து உட்காரும்போது 'கிறீச்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் உள்ளே இருக்கிற பெண்கள் விட்டுப்போன பேச்சைத் தொடர்வார்கள். நான் வைத்த கட்டையை நம்பித்தான் அந்தப் பேச்சு. வேறெந்த வேலையிலும் எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை கிடைத்ததில்லை.

ஏற்றத்துக்குக் கட்டை என்றால் இறக்கத்துக்கு வேறு. அந்த வேனின் கியர் கம்பி ஸ்டீரிங் தண்டிலேயே இருந்தது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் போட்டால்தான் இஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இறக்கும். ஆனால் தேய்ந்துபோன கியர் பெட்டி. கொஞ்சம் இறங்கியதும் 'டக்'கென்று இரண்டிலிருந்து கழன்றுவிடும். வண்டி கட்டவிழ்ந்த காளை மாதிரி கிளம்பும். ஆகவே முன்னால் உட்காருகிற ஒருவர் அந்தக் கம்பியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். ஒரு மழைக்காலத்தில், வழக்கமாகப் பிடிக்கிற அம்மாளுக்குக் கை சுளுக்கிக்கொண்டது. "சாம்பிள முன்னாடி அனுப்புங்கத்தா, அது கையிதான் கட்டை புடிச்ச கையி" என்றாள் ஆண்டிச்சி. எனக்குப் பின்கதவிலிருந்து முன்சீட்டுக்குப் பதவி உயர்வு. ஏறும்போது கட்டை, இறங்கும்போது கியர்.

அடிவாரம் வரை பிடித்துக்கொண்டு வந்தேன். கம்பி என் கையில் உயிருள்ள பொருள் மாதிரி நடுங்கியது. தங்கவேல் என் பக்கம் திரும்பவே இல்லை. பாதையைப் பார்த்துக்கொண்டே, "விட்றாத. விட்டா எல்லாரும் போயிருவோம்" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் பிடித்தேன். என்றைக்கும் அவர் சொன்னது அந்த ஒரே வாக்கியம்தான். பின்னாலிருந்த பெண்கள் அதற்கு என்னென்னவோ அர்த்தம் கற்பித்துச் சிரித்து, கடைசியில் அவர்களே இரண்டு வீட்டிலும் போய்ப் பேசி முடித்தார்கள். காதல் வசனம் என்று என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். குறை ஒன்றும் இல்லை. விடவும் இல்லை.

டீக்கடை பெஞ்சில் தங்கவேலின் காலைப் பார்த்தேன். மேலிருந்து ஏதோ வண்டிச் சத்தம் மாதிரி கேட்கும்போதெல்லாம், செருப்பில்லாத அந்த இடது கால் மண்ணை அழுத்தி அழுத்தி எடுத்தது. அவர் கிளட்ச் மிதித்துக்கொண்டிருந்தார். எங்கேயோ வளைவில் இருக்கிற மகளுக்காக இவர் இங்கே மிதித்துக்கொண்டிருந்தார்.

"அதுல கிளட்ச் இல்லைங்க" என்றேன்.

"தெரியும்." மலையைப் பார்த்தபடி, "எல்-ல போட்டுருப்பாளா?" என்றார்.

"போட்டுருப்பா."

"பின்ன எப்பிடி பிரேக்கு சூடேறுச்சு? எல்-ல போட்டா பிரேக்குக்கு வேலையே இல்லன்னாளே. எனக்குப் பாடம் எடுத்தாளே."

அதுதான் எனக்கும் புரியவில்லை. இறக்கத்தில் டி-யில் விட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவது இந்தப் பாதைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்கிற வேலை. பிருந்தா செய்ய மாட்டாள். அப்படியானால் வேறு ஏதோ நடந்திருக்கிறது. என் கையைப் பார்த்தேன். இரண்டு கையும் மூடி, ஒன்றின் மேல் ஒன்றாக, இல்லாத ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தன. எங்கள் இரண்டு பேரையும் பெஞ்சோடு தூக்கி வைத்தால் ஒரு வேன் ஓடியிருக்கும்.

அந்தப் பழைய வேன் இன்று இல்லை. உடைத்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஸ்டீரிங்கில் கியர் வைத்த வண்டியை என் மகள் வயசுப் பிள்ளைகள் பார்த்திருக்கவே மாட்டார்கள். வளைவுக்கு முன்னால் கீழே வருகிறவன் ஒரு ஹாரன், மேலே போகிறவன் பதிலுக்கு ஒரு ஹாரன் என்ற பேச்சு வழக்கமும் போய்விட்டது. பாதை அகலமாகிவிட்டது. காய் எடுக்கப் போகிறவர்கள் இன்றும் விடியுமுன் போகிறார்கள், ஜீப்புகள் நல்ல ஜீப்புகள், யாரும் இறங்கி எதற்கும் முட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. நல்லதுதான். அந்தக் கஷ்டம் திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு வண்டியில் ஏறினால் அதை நகர்த்துவதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்று இருந்தது, அது போய்விட்டது. இப்போது ஏறினால் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு தூங்கலாம்.

மிஞ்சியது அந்தப் பலாக்கட்டை ஒன்றுதான். தங்கவேல் அதை மட்டும் எடைக்குப் போடவிடாமல் எடுத்து வந்து, இந்தக் கிளட்ச் இல்லாத வண்டியில் பின்சீட்டுக்கு அடியில் வைத்தார். "பி-ல போட்டா வண்டி அசையாதுப்பா, இது எதுக்கு?" என்று பிருந்தா கேட்டாள். "அது பாட்டுக்குக் கெடந்துட்டுப் போகுது. சோறா கேக்குது?" என்றார். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தக் கதைகளை எல்லாம் கேட்டு வளர்ந்தவள். வீட்டில் கட்டிலைப் பஸ்ஸாக்கி விளையாடும்போதுகூட, கடைசியாக ஏறுகிற பொம்மைக்குத் தலையணையைக் கட்டையாகக் கொடுப்பாள்.

அதை நினைத்ததும் எனக்குக் காலையில் நடந்தது ஞாபகம் வந்தது. எல்லாரும் வண்டியில் ஏறிவிட்டார்கள். ராஜேஸ்வரி அம்மாள் கண்ணாடியை மறந்துவிட்டு வீட்டுக்குள் போய் எடுத்து வந்து, கடைசியாக ஏறினார். பிருந்தா திரும்பிப் பார்த்து அவரிடம் ஏதோ சொன்னாள். சீட்டுக்கு அடியிலிருந்த கட்டையைக் காட்டினாள். அந்த அம்மாளின் நெற்றி சுருங்கியது. 'சம்மதம் சொல்லாத வீட்டுப் பெரிய மனுஷிகிட்டப் போயி இந்த வெளையாட்டு வேணுமாடி?' என்று எனக்குக் கூசிப்போனது. வண்டி தெருமுனை திரும்புகிற வரை வாசலில் நின்று அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, அந்தக் கூச்சம் திரும்பக் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

லாரியை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஒவ்வொன்றாக வண்டிகள் இறங்கின. ஒரு பஸ், இரண்டு ஜீப், ஒரு கார், வரிசையாக இருசக்கர வாகனங்கள். எங்கள் வேன் வரவில்லை. எல்லாம் போய்ப் பாதை காலியானது. நான் எழுந்து தடுப்புக்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முதலில் ஒரு நெடி வந்தது, சூடேறிய பிரேக்கின் கருகல். பிறகு மேலே எங்கேயோ ஒரு இஞ்சின், வண்டு மாதிரி, ஒரே சுருதியில் இரைவது கேட்டது.

தங்கவேல் தலையைச் சாய்த்துக் கேட்டார். அந்த மனிதருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆனால் இஞ்சினுக்கு மட்டும் கிடையாது.

"எல்-ல வருது" என்றார். அடுத்த வளைவு வரை மூச்சு விடவில்லை. சுருதி மாறவில்லை. "முறையா எறங்குதுடி. பிரேக்கத் தொடல. இஞ்சினே புடிக்குது பாரு." தன் கையால் செய்ததுபோல அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். அந்த வண்டிக்கு அவர் கொடுத்த முதல் நல்ல சான்று அதுதான்.

மாடு நடக்கிற வேகத்தில் வேன் வளைவைத் திரும்பி வந்தது. பிருந்தாவின் முகம் கண்ணாடிக்குள் தெரிந்தது. வெளுத்திருந்தது, ஆனால் அசையவில்லை. என்னைப் பார்த்தாள், கை காட்டவில்லை. இரண்டு கையும் ஸ்டீரிங்கில். ஓரமாக வந்து நிறுத்தி, லீவரைத் தள்ளி, கை பிரேக்கை இழுத்து, சாவியைத் திருப்பினாள். பிறகுதான் நெற்றியை ஸ்டீரிங்கில் வைத்துக்கொண்டாள். நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவள் தலையைத் தொட்டேன். "ஒண்ணுமில்லம்மா" என்றாள் குனிந்தபடியே. "வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். சொல்லல."

யாரிடம் சொல்லவில்லை என்று கேட்பதற்குள் பக்கக் கதவு இழுபட்டுத் திறந்தது. முதலில் இறங்கியது ராஜேஸ்வரி அம்மாள். மாந்தளிர்ப் பட்டின் முந்தானையை இடுப்பில் வரிந்து செருகியிருந்தார். முழங்கை வரை கரி. கன்னத்தில் ஒரு கோடு கரி. நெஞ்சோடு சேர்த்து, பிள்ளையைத் தூக்குவதுபோல, எங்கள் பலாக்கட்டையைத் தூக்கி வைத்திருந்தார். கயிறு கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.

"தண்ணி கொண்டாங்க, முதல்ல அந்தப் புள்ளைக்கு" என்றார். காலையிலிருந்து பேசாததை எல்லாம் சேர்த்துப் பேச ஆரம்பித்தார்.

"எல்லாம் இந்த மனுசனால. புள்ள ஒழுங்கா எல்-ல போட்டு எறக்கிக்கிட்டு வருது. இவரு முன்னாடி ஒக்காந்துக்கிட்டு, 'இஞ்சின் கத்துதும்மா, டி-ல போடு, டி-ல போடு'ண்டு நச்சரிச்சுட்டாரு. மதுரையில மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குக் காரு ஓட்டுற ஆளு, மலையப் பத்தி இவருக்கு என்ன தெரியும்? பெரியவரு சொல்றாரேண்டு மரியாதைக்குப் போட்டுருச்சு. நாலு வளைவு தாண்டல, பிரேக்கு போச்சு."

அரவிந்தின் அப்பா பின்சீட்டிலிருந்து மெதுவாக இறங்கினார். முன்சீட்டிலிருந்து எப்போதோ இடம் மாற்றப்பட்டிருந்தார் என்று தெரிந்தது. "சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சு, அதான்..." என்று தொடங்கி, தங்கவேலைப் பார்த்து, "தப்புதான் சார்" என்று முடித்தார்.

"விடுங்க சார். நான் இந்த வண்டியில வெயில்ல வைப்பர் போட்ட ஆளு" என்றார் தங்கவேல்.

"பிரேக்கு போனதும் இவுங்க ரெண்டு ஆம்பளைங்களும் ஆளுக்கொண்ணு சொல்றாங்க" என்று ராஜேஸ்வரி அம்மாள் தொடர்ந்தார். "அப்பத்தான் ஒங்க மக போட்டா பாருங்க ஒரு சத்தம், எல்லாரும் வாயை மூடிட்டோம். லீவர எல்-லுக்குத் தள்ளி, மலைப்பக்கம் ஒதுக்கி, மண்ணுல ஏத்தி, தேய்ச்சுத் தேய்ச்சு நிப்பாட்டிட்டா. நின்னும் வண்டி மெல்ல நழுவப் பாக்குது, திரும்பி என்னையத்தான் பாத்தா. 'அத்தே, கட்டை!' அவ்வளவுதான் சொன்னா. நான் எப்பிடிக் குதிச்சேன், எப்பிடி வச்சேன், எனக்கே தெரியல. வச்சதும் வண்டி கட்டை மேல ஒக்காந்து ஒரு சத்தம் குடுத்துச்சு. கிறீச்சுண்டு."

"ஆமா" என்றேன். "அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்."

"பிரேக்கு ஆறுற வரைக்கும் ஒரு அடி நகத்த மாட்டேன்னுட்டா. ரயிலு போயிரும்ண்டு இவரு சொன்னாரு. போகட்டும்ண்டு சொல்லிட்டா. அப்பிடிச் சொல்ற பொண்ணத்தான் நானும் பாக்க வந்தேன்."

தங்கவேல் கட்டையை வாங்கக் கையை நீட்டினார். "குடுங்கம்மா, பொடவையெல்லாம் கரியாகுது."

ராஜேஸ்வரி அம்மாள் ஒரு அடி பின்னால் போனார். கயிற்றை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"அதெல்லாம் குடுக்க முடியாது. போகும்போதும் கடைசியா ஏறுனது நானு, வரும்போதும் கடைசியா ஏறுனது நானு. அடுத்தவாட்டி யாரு கடைசியா ஏறுறாங்கண்டு பாத்துக்கிட்டு அவுங்ககிட்டக் குடுக்கிறேன், சம்பந்தி."